அத்தை சுவரில் ஒட்டிய நாவல்

என் நாவலின் மெய்ப்புத் தாள்கள் கோவையிலிருந்து வந்து சேர்ந்த அன்று அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அதுல நான் இருக்கேனாட்டி?”

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வராது. பிறர் முகத்தைப் பார்த்துப் பேசுவதே எனக்குக் கஷ்டம். தையல் மிஷினில் கிடந்த ரவிக்கையை எடுத்து ஊக்குப்பட்டி வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். அத்தை மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மலையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சமவெளியில் இருக்கும் எங்கள் எலப்புள்ளி வெயில் இன்னும் பழகவில்லை.

“இருந்தா எடுத்துரு. ஒருதடவ ஆளுக முன்னால வாசிச்சுக் கேட்டாச்சு. இனி அச்சடிச்சு வேற கேக்கணுமா?”

நாவலில் மூன்று பாகங்கள். மூன்றாவது பாகம் முழுக்க அவள்தான். அதை எடுத்துவிடலாமா என்று பதிப்பாளரிடம் போனில் கேட்டேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவர் சிரித்தார். “மூணாவது பாகந்தானுங்க புஸ்தகமே. மொத ரெண்டும் அதுக்கு வாசப்படி. அதை எடுத்துட்டா நான் எதைப் போடறதுங்க?”

ஆக, அத்தை கேட்டதைச் செய்தால் புத்தகம் இல்லை. புத்தகம் வர வேண்டுமென்றால், அவள் இளமையில் ஒரு முறை பட்ட அவமானத்தை வயதான காலத்தில் இன்னொரு முறை படவேண்டும்.

அந்த முதல் அவமானத்தைச் செய்தவர் அவளைப் பெற்றவர். என் தாத்தா.

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயத்தில் பிறந்தவள் நான். லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீடு என்றால் ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அதில் தாத்தா, அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். பாட்டி நான் பிறக்கும் முன்பே போய்விட்டாள்.

தாத்தா திருநெல்வேலிப் பக்கத்தில் மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்துவிட்டு மலையேறியவர். தேயிலை ஃபேக்டரியில் சலிக்கும் அறையில் வேலை. அப்போதெல்லாம் தேயிலையை மரப்பெட்டியில் அடைப்பார்கள். பெட்டிக்குள்ளே விரிக்க, தடித்த பழுப்புத் தாள் வரும். கிழிந்த தாளை வெளியே போடுவார்கள். தாத்தா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஆபீசில் ஒருவகைப் பென்சில் இருந்தது. எச்சில் தொட்டு எழுதினால் எழுத்து ஊதாவாக மாறும், பிறகு ரப்பருக்கு அழியாது. அந்தப் பென்சிலில் எழுதி எழுதித் தாத்தாவின் நாக்கே ஊதாவாகிவிட்டது. அவர் கொட்டாவி விட்டால் லயத்துப் பிள்ளைகள் ஓடுவார்கள்.

அவர் எழுதியது ஒரே கதை. முடிவில்லாமல் நீண்டுகொண்டே போன கதை. அதில் வந்ததெல்லாம் எங்கள் லயத்து ஆட்கள்தான். பெயரை மட்டும் மாற்றுவார், அதுவும் ஒப்புக்கு. மனைவியைப் புதைக்கப் போன இடத்தில் புதுச்செருப்பு சேற்றில் சிக்கிவிடுமோ என்று குனிந்து குனிந்து பார்த்த கங்காணியை எழுதினார். பக்கத்து வீட்டில் குழந்தை இறந்த அழுகுரல் கேட்டதும், அடுப்பிலிருந்த பாலை இறக்கி மூடிவைத்துவிட்டு, தலையைக் கலைத்துக்கொண்டு ஓடிய பெண்ணை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசிப்பார். ஆட்கள் கோயில் துணியோடு அப்படியே வந்துவிடுவார்கள்.

“அண்ணாச்சி, இன்னைக்கு யாரு தலை?”

“உம்ம தலை இல்ல. உக்காரும்.”

அந்த வாரத் தலைக்குரியவர் தவிர மற்ற எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். செருப்பு பார்த்த கங்காணியின் பகுதி வாசிக்கப்பட்டபோது அந்த ஆள் முன்வரிசையில் இருந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார், வெறுங்காலோடு. அவருடைய முறை முடிந்துவிட்டது அல்லவா, இனி மற்றவர்கள் முறையைப் பார்க்க வேண்டாமா?

என் அம்மா தாத்தாவைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். “அந்த மனுசருக்குச் சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியாது. நம்ம கண்ணுல தண்ணி வந்தா மட்டும் பென்சிலத் தேடுவாரு.”

அத்தையைப் பெண் பார்க்கச் சின்னக்கானலிலிருந்து வந்தார்கள். அங்கே ஒரு எஸ்டேட்டில் மாப்பிள்ளைக்குப் பாய்லர் வேலை. நான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்த வயது. பிஸ்கட் வாங்கிவர என்னைக் கீழே ரோட்டுக் கடைக்கு அனுப்பினார்கள். நடந்தது பிறகு அம்மா சொல்லித் தெரியும். மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்காகக் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி என்னமோ கதை எழுதுதீயளாமே? ரெண்டு வரி வாசிங்களேன், கேப்போம்.”

தாத்தாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தாள்கள் இருந்தன. செருப்பு இருந்தது, பால் இருந்தது, எதை வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம். கேட்கத் தெரிந்த ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். தான் எழுதியதிலேயே சிறந்தது எதுவோ அதை எடுத்தார். அது அவர் மகளைப் பற்றியது.

நான் தூறலில் பிஸ்கட் பொட்டலத்தைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தபோது அவர்கள் எதிரே இறங்கிக்கொண்டிருந்தார்கள். கையில் குடை இருந்தும் ஒருவரும் விரிக்கவில்லை. வீட்டுக்குள் பாதி குடித்த டம்ளர்கள் தரையில் இருந்தன. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாத்தா தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தை அடுப்படி வாசலில். தாத்தா அவளைப் பார்த்துச் சொன்னதை என் காதால் கேட்டேன்.

“வாசிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தன் இருமல. பாத்தியா?”

அத்தை என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து முழுவதையும் என்னிடமே கொடுத்தாள். “தின்னு,” என்றாள். தின்றேன். நல்ல பிஸ்கட்.

அந்தப் பகுதியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று வாசலில் நின்று அரைகுறையாகக் கேட்ட லயத்து ஆட்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவளுக்கு ஒரு லாரிக்காரனோடு பழக்கம் என்று எழுதியிருந்ததாம். இல்லை, சாகக் கிடந்த தாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் நின்று பார்த்தாள் என்று இருந்ததாம். அதுவும் இல்லை, அண்ணனுக்கு ஆண்பிள்ளை பிறக்கக்கூடாது என்று கோயிலில் முழங்காலில் நின்று ஜெபித்தாள் என்று இருந்ததாம். அந்த அண்ணன் என் அப்பா. அவரிடம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அத்தை மறுநாள் காலையில் படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வழக்கம்போலக் கொழுந்தெடுக்கப் போனாள். அவள் தேயிலைச்செடி நிரைக்கு வந்ததும் பக்கத்து நிரைப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள்: “ஏட்டி, கதை வருது.” பிறகு அதுவே அவள் பெயராயிற்று. கடையில், டிஸ்பென்சரியில், தண்ணீர்க் குழாயில். கதை வருது, கதை போகுது, கதைக்கு இன்னைக்குக் காய்ச்சல். வேறு யாரும் பெண் பார்க்க வரவில்லை. “அந்த வீட்டுல பொண்ணு எடுத்தா கூடவே ஒரு பெட்டி தாளும் தருவாவ,” என்று கிறிஸ்துமஸ் நாடகத்தில்கூட ஒருவன் வசனம் சேர்த்துப் பேசினான். முன்வரிசையிலிருந்த தாத்தா சிரித்தார். வசனம் நன்றாக இருந்தது என்று அவனைக் கூப்பிட்டுச் சொல்லவும் செய்தார்.

அடுத்த கோடையில் தாத்தா சலிக்கும் அறையில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்து சுவரோரம் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். அவரிடம் மிஞ்சியது இடது கையும் ‘ங்’ என்று ஒரே ஒரு சத்தமும்.

எங்கள் லயத்துச் சுவர் கல்லும் மண்ணும். இடுக்குகள் வழியாகக் காற்று விசிலடிக்கும். பெருமழை தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் மைதாவைக் கிண்டி, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, சுவர் முழுக்கத் தாள் ஒட்டுவார்கள். பழைய பேப்பர், சினிமா நோட்டீஸ், காலண்டர், கிடைத்தது எல்லாம். அந்த வருடம் எங்கள் வீட்டில் பேப்பர் சேரவில்லை. அத்தை பசைச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தாள்.

அவள் முதலில் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிலவற்றை உருவி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து மற்றவற்றைச் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோலக் கலைத்தாள். அதை அவர் பார்க்கும்படி செய்தாள். தாத்தா ‘ங்’ என்றார்.

“என்ன அய்யா? குளிருதா? இந்தா, அடைச்சிருவோம்.”

தாளின் முதுகில் பசை தடவி, கட்டிலுக்கு நேரே, அவர் கண் மட்டத்தில் முதல் தாளை ஒட்டினாள். உள்ளங்கையால் நீவினாள். ஈரம் பட்டதும் எழுத்தெல்லாம் ஊதாவாகப் பூத்து வந்தது. அப்பா “ஏ, வேண்டாம்,” என்றார். ஒருமுறைதான் சொன்னார்.

“வேண்டாமா? நல்ல கனமான தாளு அண்ணே. காத்து புகாது. அய்யா எழுதுனது வீணாப் போவலாமா?” என்று அவரைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு கட்டிலின் பக்கம் குனிந்தாள். “பாருங்க அய்யா, எம்புட்டு அழகா இருக்குன்னு. ஊருக்கெல்லாம் வாசிச்சீங்க. இனி நீங்களே வாசிங்க.”

கட்டில் இருந்த சுவர் முழுக்க ஒட்டினாள். எட்டாம் தாளுக்குப் பக்கத்தில் நாற்பதாம் தாள். சில தாள்களைத் தலைகீழாக ஒட்டினாள். அவற்றை ஒட்டும்போது மட்டும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கடைசியாகக் கட்டிலின் தலைமாட்டைத் திருப்பிப் போட்டாள். அவருக்கு வலப்பக்கம் புரள முடியாது. எப்படிப் படுத்தாலும் சுவர்தான் தெரியும்.

எனக்கு அந்த மழைக்காலம் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் படிப்பவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அப்படித்தான் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த வயதில் எனக்கு ஒரு சுவர் முழுக்கக் கதை கிடைத்தது. கட்டிலில் ஏறி நின்று, தாத்தாவின் கால்களுக்கு நடுவில் கால் ஊன்றி, உரக்க வாசிப்பேன்.

ஒரு தாள் இப்படி முடிந்தது: ‘கங்காணி கதவைத் தட்டியபோது அவள்’. அதற்குப் பக்கத்துத் தாள் இப்படித் தொடங்கியது: ‘கழுத்தில் மணி கட்டியிருந்ததால் எங்கே போனாலும் தெரிந்துவிடும்.’ அது பசுமாட்டைப் பற்றியது. நான் இரண்டையும் சேர்த்து வாசித்தேன். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. தாத்தா ‘ங்… ங்…’ என்று இடது கையால் சுவரை அறைந்தார்.

“இன்னொருக்க வாசிட்டி,” என்றாள் அத்தை.

அவள் சிரிப்பதற்காக வாசித்தேன். பிறகு ஒரு நாள், இரண்டு தாள்களுக்கு நடுவில் நானாக ஒரு வரி போட்டால் அவை சரியாக ஒட்டிக்கொள்கின்றன என்று கண்டுபிடித்தேன். ‘மாட்டுக் கொட்டிலில் ஒளிந்துகொண்டாள். அந்த மாட்டுக்குக்’ என்று சேர்த்துக்கொண்டால் ‘கழுத்தில் மணி’ சரியாக வந்து உட்கார்ந்தது. இப்போது அத்தை சிரிக்கவில்லை. தாத்தாதான் முன்னைவிட அதிகமாகக் கத்தினார். கேலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார், அவர் கதையை நான் சரிசெய்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நான் நிறுத்தவில்லை. நிறுத்து என்று அத்தையும் சொல்லவில்லை. நாவல் எழுதுவதில் எனக்குத் தெரிந்த முதல் வேலை அதுதான். இல்லாத வரியைப் போட்டு, இருக்கிற இரண்டை ஒட்டுவது.

ஒரு இடத்தை மட்டும் ஒட்டவே முடியவில்லை. ஒரு தாளின் அடியில், கதையில் வரும் பெண்பிள்ளை விருந்தாளிகளுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வெளியே வருகிறாள். வேறெந்தத் தாளிலும் அந்தப் பெண்பிள்ளை இல்லை. கதவோரத்து ஒரு தாளில் மட்டும் கிழவியாகி, டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறாள். நடுவில் உள்ளதுதான் அடுப்படிக்குப் போனது என்று எனக்குப் புரிய நாளாயிற்று. புரிந்த அன்று நானே அதைச் சொல்லிப் பார்த்தேன். லயத்தில் கேட்டதில் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன்.

“அவளுக்கு ஒரு லாரிக்காரனோடு…”

அடுப்படியிலிருந்து வந்த அத்தை என்னை அறைந்தாள். கட்டிலிலிருந்து தாத்தாவின் மேலேயே விழுந்தேன். அவர் முகத்துக்கு மிக அருகில் என் முகம் இருந்தது. அன்று அவர் கத்தவில்லை. சுவரையும் அறையவில்லை. என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினார். அது இல்லை என்று சொன்னார். அத்தையும் அதைப் பார்த்தாள்.

மழை விடுவதற்கு முன்பே தாத்தா இறந்துபோனார். சுவரைப் பார்த்தபடியே இறந்திருந்தார். அடக்கத்துக்கு ஆட்கள் வந்தார்கள், நிறையவே வந்தார்கள். திரும்பி வரும்போது சேற்றில் இறங்கிய ஒருவர் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: “இனி பயமில்லாம நடக்கலாம்.” எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தச் சுவரின்மேல் புதுத்தாள் ஏறியது. பேப்பர், அதன்மேல் காலண்டர், அதன்மேல் மறுபடி பேப்பர். நான் பத்தாம் வகுப்போடு நின்று, சில வருடம் கொழுந்தெடுத்து, பிறகு எலப்புள்ளிக்குக் கல்யாணமாகி வந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டை எஸ்டேட்டிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவளை என்னோடு கூட்டிவரப் போன நான் வெந்நீரும் தோசைக் கரண்டியுமாகச் சுவரைச் சுரண்டினேன். இத்தனை வருடத் தாளும் தலையணை கனத்துக்கு ஒன்றாக உரிந்து வந்தது. அடியில் எழுத்து என்று ஒன்றும் இல்லை. ஊதாக் கறைதான் இருந்தது. அத்தை மூட்டையின்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். “என்னத்தத் தேடுத? அதான் வாசிச்சு வாசிச்சே அந்த மனுசன அனுப்பி வச்சிட்டியே,” என்றாள்.

நினைவிலிருந்த தாள்களை நான் அதற்குப் பல வருடம் முன்பே எழுத ஆரம்பித்திருந்தேன். ரவிக்கைக்கு அளவு வரையும் தாளில், தையல் சாக்பீஸ் தூளோடு தூளாக. யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை முடிந்து வந்து ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டார். “ஏம்புள்ள, உங்கூட்டுச் செவுத்துல இருந்ததையெல்லாம் இங்க எறக்கி வெச்சிருக்கறயா? இருக்கறதே ஒரு ரூமு,” என்றார். ஆனால் கோவைக்குத் தபாலில் அனுப்பியதும் அவர்தான். நான் அனுப்பியிருக்க மாட்டேன்.

மூன்றாம் பாகத்துக்கு என்னிடம் தாத்தாவின் வரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் நானே போட்டது. லாரிக்காரனை வைத்துக்கொண்டேன். பெண்ணை நிரபராதியாக்கினேன். அவளை ஏமாற வைத்தேன், அழ வைத்தேன், மன்னிக்க வைத்தேன். எழுதும்போது நானும் அழுதேன்.

மெய்ப்பு வந்து ஒரு வாரம் அத்தை என்னோடு பேசவில்லை. மற்ற எல்லாரோடும் பேசினாள். ரவிக்கை கொடுக்க வந்த பெண்களிடம், “உங்க அளவ மட்டும் கொடுங்கம்மா, வீட்டு விசயம் பேசாதீங்க. இவ எழுதிருவா,” என்றாள். இரண்டு பேர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நான் வெளியே போனாலும் வந்தாலும், “கதை போகுது,” “கதை வருது,” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு மதியம் அவளே நாற்காலியை மிஷினுக்கு எதிரே இழுத்துப் போட்டாள்.

“வாசி.”

“அத்தே…”

“அன்னைக்கு நிண்ணுக்கிட்டுக் கேட்டேன். இன்னைக்கு உக்காந்து கேக்கேன். கேட்டுட்டுச் சொல்லுதேன், எடுக்கணுமா வேண்டாமான்னு.”

வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “உரக்க,” என்றாள். உரக்க வாசித்தேன். சேலை முந்தானையால் கழுத்தை விசிறிக்கொண்டு கேட்டாள். லாரிக்காரன் வந்தான், போனான். பெண் அழுதாள். நடுவில் அத்தை இரண்டு முறை இருமினாள். ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நான் காத்திருந்தேன். “நீ வாசி, நீ வாசி, காது அங்கதான் இருக்கு,” என்றாள். முடித்தேன்.

“அம்புட்டுதானா?”

“ஆமா அத்தே.”

“அப்ப போடு. எனக்கு ஒண்ணும் இல்ல.”

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சிரித்துவிட்டாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாளே, அதே சிரிப்பு.

“இது எவளோ ஒருத்தி. பாவம், நல்லவ. இவளப் போட்டா எனக்கு என்ன வந்துச்சு? நான் பயந்துக்கிட்டுல்லா கெடந்தேன், அந்த மனுசன் எழுதுன மாதிரி எழுதிருப்பியோன்னு.”

“அவரு என்ன எழுதியிருந்தாரு?”

“எனக்கு மனப்பாடம். ஒரு எழுத்து விடாமச் சொல்லுவேன். அடுப்புல வைக்கிறதுக்கு முன்னால படிச்சுட்டுத்தான் வச்சேன். படிக்கப் படிக்க, இவரு என் வயித்துக்குள்ள எப்பம் வந்து உக்காந்திருந்தாருன்னு இருந்துச்சு.” முந்தானையைக் கீழே விட்டாள். “நான் நல்லவ இல்லட்டி. அது அந்த ஒரு ஆளுக்குத்தான் தெரிஞ்சுது. அதனாலதான் ஒருத்தன் இருமல. நீ வாசிக்கையில நானே ரெண்டுதரம் இருமுனேன்.”

“சொல்லுங்களேன் அத்தே.”

“சொன்னா நீ எழுதுவ. சொல்ல மாட்டேன். உனக்கு வராது, விடு. தைக்கத் தெரியுதுல்லா, அது போதும்.”

அவள் எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். குறட்டை கேட்டது.

அனுமதி கிடைத்துவிட்டது. தாள்களை உறையில் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மிஷினின்மேல் அது அப்படியே கிடந்தது. தாத்தா என் முகத்துக்கு நேரே தலையை ஆட்டியதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அன்றும் அதே லாரிக்காரன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே லாரிக்காரன்.

பதிப்பாளருக்குப் போன் செய்து மூன்றாம் பாகத்தை நிறுத்தி வைக்கச் சொன்னேன். “மெய்ப்பு வந்ததுக்கு அப்பறம் பாகத்தையே மாத்துவாங்களாங்க?” என்று கோபப்பட்டார். திட்டி முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன். பிறகு லாரிக்காரனையும் அந்த நல்ல பெண்ணையும் கிழித்து, ரவிக்கைக் கை வெட்டும் அளவுத் தாளாக ஆக்கிக்கொண்டேன்.

தாத்தா எழுதியது எனக்குக் கிடைக்கப்போவதில்லை. அவர் பார்க்காதது என்னிடம் இருந்தது. இல்லை, அவர் பார்த்தது, பார்த்தும் எழுத முடியாமல் போனது. மைதா கிண்டியதிலிருந்து ஆரம்பித்தேன். சீட்டைக் கலைப்பதுபோலக் கலைத்தது. தலைகீழாக ஒட்டும்போது மட்டும் திரும்பி முகத்தைப் பார்த்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டது. கஞ்சியை நிறுத்திவிட்டு “இன்னொருக்க வாசிட்டி,” என்றது. மன்னிப்பு எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருப்பாள். நான் நிமிர்ந்து அவள் விரலைப் பார்த்துவிட்டு எழுதுவேன்.

“என்னட்டி முழிக்க?” என்று ஒரு நாள் கேட்டாள். கேட்டுவிட்டு, மொச்சையைக் கீழே வைத்தாள். “உன் மொகம் அந்த மனுசன் மொகமாயிட்டு வருது.”

முடித்த அன்று நானே சொன்னேன், “அத்தே, வாசிக்கேன்.” அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வரியில் மைதா கொதித்தது. விசிறிக்கொண்டிருந்த முந்தானை நின்றது. தாள்களைக் கலைக்கும் இடம் வந்தது. அவள் இருமவில்லை. தண்ணீர் குடிக்க எழவில்லை. கட்டிலைத் திருப்பும் இடத்தில் அவளுடைய கை நாற்காலிக் கையைப் பிடித்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், பார்த்துவிட்டு மேலே வாசித்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

முடிந்ததும் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து அடுக்கினேன். வெளியே ரவிக்கை வாங்க வந்த யாரோ கேட்டைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

“இதை எடுத்துருன்னு சொன்னா எடுப்பியா?”

“மாட்டேன் அத்தே.”

வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு நான் சட்டென்று சொன்ன பதில் அது ஒன்றுதான். அவள் தலையை ஆட்டினாள், மேலும் கீழுமாக. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“ஏட்டி,” என்று அங்கிருந்தே கேட்டாள். “வீட்ல மைதா இருக்கா?”

“மேல் தட்டுல இருக்கு,” என்றேன்.

மறுநாள் காலையில் அவள் எழும்புமுன் உறையை ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டேன்.